அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள்

(புதுச்சேரியின் மீனவ ஊரான நல்லவாட்டில் தாய்மார்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேடை போட்டுப் பேசுகிற விஷயமா மலச்சிக்கல் என்று சிலர் நினைக்கலாம். காய்ச்சல், டெங்கு, ரத்தசோகை என்று பேச எத்தனையோ இருக்கிறது. ஆனால் குழந்தை மருத்துவரிடம் வருகிற தாய்மார்கள், காய்ச்சலுக்கு மருந்து எழுதி வாங்கி, எழுந்து, வாசல் வரை போய், அங்கிருந்து திரும்பி வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பது இதைத்தான்: “நாலு நாளா வெளிக்கே போகல டாக்டர், எதாவது எழுதிக் குடுங்களேன்.” வாசலில் நின்று கேட்கிற கேள்விக்கு வாசலிலேயே பதில் சொல்லி அனுப்புவது எங்கள் வழக்கமாகிவிட்டது. உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வி அது. அதற்காகத்தான் இந்த மேடை.

உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2018-ல் ஒரு கணக்கு வந்தது. நூறு குழந்தைகளில் ஒன்பது அல்லது பத்துப் பேருக்கு மலச்சிக்கல். நமக்குக் கடல் தாண்டிப் பக்கத்தில் இருக்கிற இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் ராஜிந்திரஜித்தும் தேவநாராயணவும் 10 முதல் 16 வயது வரையிலான 2,699 பள்ளிப் பிள்ளைகளிடம் விசாரித்து 2010-ல் வெளியிட்ட கணக்கில் அது 15.4 சதவீதம். அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கைக்குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். அவர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில் பாதி, ‘இது மலச்சிக்கலே இல்லை’ என்பதுதான்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை முதல் மாதத்தில் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறைகூடப் போகும். ஒவ்வொரு முறை பால் குடித்ததும் துணி நனையும். ஆறு வாரம் தாண்டியதும் அதே குழந்தை திடீரென்று நாலு நாள், ஒரு வாரம், சில சமயம் பத்து நாள்கூடப் போகாமல் இருக்கும். பாட்டி பதறுவார். அம்மாவுக்குத் தூக்கம் போய்விடும். ஆனால் பிள்ளை சிரிக்கிறது, பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது, மூத்திரம் நன்றாகப் போகிறது, வயிறு மெத்தென்று இருக்கிறது. கடைசியில் போகும்போது மஞ்சளாக, இளகிப் போகிறது. இதற்கு மருந்து வேண்டாம். தாய்ப்பால் முழுக்க உடம்பில் சேர்ந்துவிடுவதால் கழிவென்று மிஞ்சுவது கொஞ்சம். எத்தனை நாளைக்கு ஒரு முறை என்ற எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். இளகியதா, இறுகியதா என்பதைப் பாருங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. இரண்டு மூன்று மாதப் பிள்ளை பத்து இருபது நிமிடம் முகம் சிவக்க முக்கும், வீரிட்டு அழும், கால்களை வயிற்றில் மடக்கும். என்னவோ ஆகிவிட்டது என்று எல்லோரும் கூடிவிடுவார்கள். கடைசியில் பார்த்தால் கூழ் போல இளகிப் போயிருக்கும். இது என்ன? வெளிக்குப் போவதற்கு வயிற்றுத் தசை இறுக வேண்டும், அதே நேரத்தில் ஆசனவாய்த் தசை தளர வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்ய அந்தப் பிள்ளைக்கு இன்னும் கைவரவில்லை. இரண்டையும் ஒன்றாக இறுக்கிவிட்டு, ஏன் போகவில்லை என்று அழுகிறது. சில வாரங்களில் தானே கற்றுக்கொள்ளும். நாம் செய்ய வேண்டியது கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. நம் வீடுகளில் மிகக் கடினமான வேலை அதுதான்.

ஏனென்றால் கையைக் கட்டிக்கொள்ளாமல் நாம் என்னென்ன செய்கிறோம் என்று பாருங்கள். வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டு உள்ளே விடுகிறோம். சோப்பைச் சீவிக் கூராக்கி வைக்கிறோம். சோப்பில் இருப்பது காரம். குழந்தையின் உள்தோல் அதில் வெந்துபோகும். காம்பு சோப்பளவுக்குக் கெடுதல் இல்லை என்று சொல்வார்கள், உண்மைதான், ஆனால் கிழித்தால் காயம்தான். அதற்கும் மேல், ஒவ்வொரு முறையும் கீழே தூண்டினால்தான் போவது என்று பிள்ளை பழகினால், தானே தளர்த்தக் கற்றுக்கொள்வது தள்ளிப்போகும்.

வாய் வழியாகக் கொடுப்பது இதைவிடப் பெரிய கதை. பிறந்ததும் நாக்கில் இனிப்பைத் தொட்டுச் சேனை வைக்கிறோம். யார் வைத்தார்களோ அவர்கள் குணம் வரும் என்கிறோம். சர்க்கரைத் தண்ணீரோடு போனால் ஒரு பங்கு ஆபத்து. தேனாக இருந்தால் வேறு மாதிரி. தேனில் ஒருவகைக் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் வயிற்றில் அது ஒன்றும் செய்யாது. ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். 1976-ல் கலிஃபோர்னியாவில் முதன்முதலாக இந்த நோயை அடையாளம் கண்டார்கள். அதற்கு முதல் அறிகுறி என்ன தெரியுமா? மலச்சிக்கல். பிறகு அழுகை மெலியும், தலை நிற்காது, பால் உறிஞ்ச முடியாது. ஆகவே ஒரு வயது வரை தேன் வேண்டாம். சங்கில் ஊற்றி விற்கிற கழுதைப்பாலும் வேண்டாம். காய்ச்சாத பால் அது.

விளக்கெண்ணெயை மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவது, எண்ணெய்க் குளியலின்போது மூக்கில் நாலு சொட்டு விடுவது, இவை இரண்டையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அழுகிற குழந்தையின் வாயில் ஊற்றுகிற எண்ணெய் நுரையீரலுக்குப் போகும். தண்ணீர் போனால் இருமும். எண்ணெய் போனால் இருமல்கூட வராது, சத்தமில்லாமல் போய்த் தங்கிவிடும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் எண்ணெயால் வருகிற நிமோனியாவைப் பற்றி 1973-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்திருக்கிறது. ஐம்பது வருஷத்துப் பழைய செய்தி. பேதிக்குக் கொடுக்கிறேன் என்று நெஞ்சைக் கெடுக்கிற வேலையை இன்னும் செய்துகொண்டிருக்கிறோம்.

பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் செய்கிறவற்றில் நல்லதும் இருக்கிறது. குளிப்பாட்டிய பிறகு வயிற்றைக் கடிகார முள் போகிற பக்கமாக மெல்லத் தடவுகிறீர்களே, கால்களை மடக்கி மடக்கி நீட்டுகிறீர்களே, அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

தொக்கம் எடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயிற்றில் சாப்பாடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, வாயால் ஊதியோ உறிஞ்சியோ ஒரு துண்டை வெளியே எடுத்துக் காட்டுவார்கள். போன வாரம் தின்ற பழத்துண்டு வயிற்றுக்குள் அப்படியே முழுசாக இருக்காது. எடுத்துக் காட்டுகிறவர் கையில் அது முன்பே இருந்தது. கைத்திறமைக்குக் காசு கொடுக்க விருப்பமிருந்தால் கொடுங்கள், வைத்தியம் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள்.

இனி, காத்திருக்கவே கூடாத சங்கதிகள். குழந்தை பிறந்ததும் முதலில் போகிற கறுத்த, பிசுபிசுப்பான மலம் பெரும்பாலான குழந்தைகளுக்கு 24 மணி நேரத்துக்குள், ஏறக்குறைய எல்லோருக்கும் 48 மணி நேரத்துக்குள் போய்விடும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தை இரண்டு நாள் ஆகியும் போகவில்லை என்றால் குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமல் இருக்கலாம். டென்மார்க் நாட்டு மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ப்ருங் 1886-ல் பெர்லினில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் இப்படி இறந்த இரண்டு குழந்தைகளைப் பற்றிப் பேசினார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. சுமார் ஐயாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். இன்று அறுவைசிகிச்சையால் சரிசெய்கிறார்கள். ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒருவர் கேட்க வேண்டிய கேள்வி, ‘பிறந்த எத்தனை மணி நேரத்தில் முதல் மலம் போனது?’ என்பதுதான். பிரசவம் முடிந்து வீட்டுக்கு வருகிற அவசரத்தில் இதை யாரும் கவனிப்பதில்லை. பிள்ளை பெற்றவர் களைத்திருப்பார். கூட இருக்கிற பாட்டியோ அத்தையோ குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பச்சையாக வாந்தி எடுத்தால், வயிறு உப்பிப் பறை போல இறுகினால், மலச்சிக்கலோடு காய்ச்சல் வந்தால், எடை ஏறாவிட்டால், முதுகின் அடியில் குழியோ முடிக்கற்றையோ இருந்தால், கால்களில் பலம் குறைவாகத் தெரிந்தால் தாமதிக்காதீர்கள். பிறந்த சில வாரங்களிலேயே மலச்சிக்கலும், மந்தமான தூக்கமும், கரகரத்த அழுகையும், துருத்திய தொப்புளும் சேர்ந்திருந்தால் தைராய்டுச் சுரப்பைப் பரிசோதிக்க வேண்டும். நம் நாட்டில் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்று என்ற அளவில் இந்தக் குறை இருக்கிறது. முதல் சில வாரங்களுக்குள் மாத்திரை ஆரம்பித்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி கெடாது. தள்ளிப்போனால் போனதுதான். எல்லைப்பிள்ளைச்சாவடியில் இருக்கிற அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனைக்கோ, ஜிப்மருக்கோ நேரே போய்விடுங்கள்.

இந்தச் சேதிகளை ஊர் முழுக்கக் கொண்டுபோக ஒலிபெருக்கி இருக்கிறது. இந்த ஊருக்கு ஒலிபெருக்கி என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் வேலையில் இருந்த உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர் தொலைபேசியில் சொன்ன சேதி, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையத்து ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுக்கக் கேட்டது. வீடுகளும் படகுகளும் போயின, ஆட்கள் பிழைத்தார்கள். கோயில் விழாவுக்கும் கூட்டத்துக்கும் அறிவிப்புச் செய்கிறபோது இரண்டு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். பிறந்த குழந்தை 48 மணி நேரத்தில் வெளிக்குப் போகாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இதுவரை சொன்ன நோய்கள் அரிது. லக்னோவில் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ நிறுவனத்தில் 137 குழந்தைகளைப் பார்த்து 2010-ல் வெளியான ஆய்வில், பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துசேர்ந்த பிள்ளைகளிலேயே 85 சதவீதம் பேருக்கு உடம்பில் எந்தக் கோளாறும் இல்லை. பொதுவாக எடுத்துக்கொண்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் கோளாறு இருக்காது. அப்படியானால் ஏன் வருகிறது?

நான் இன்று சொல்ல வந்தது இதற்கான பதிலைத்தான்.

இரண்டரை வயதுப் பிள்ளை. ஒருநாள் காய்ச்சலாலோ, வெயிலாலோ, ஊருக்குப் போன இடத்தில் சாப்பாடு மாறியதாலோ மலம் இறுகிவிடுகிறது. போகும்போது வலிக்கிறது. ஆசனவாயின் ஓரத்தில் மெல்லிய கீறல் விழுகிறது, மலத்தின் மேல் ஒரு கோடு ரத்தம். அன்றைக்கு அந்தப் பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: போனால் வலிக்கும். அடுத்த முறை உணர்வு வந்ததும் அது போவதில்லை, அடக்குகிறது. பெரிய குடல் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. உள்ளே தங்குகிற மலத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. தங்கத் தங்க இறுகுகிறது, இறுக இறுகப் பருக்கிறது. நாலாம் நாள் போகும்போது முன்பைவிட வலிக்கிறது. ‘நான் நினைத்தது சரிதான்’ என்று பிள்ளை தீர்மானித்துவிடுகிறது.

அடக்குகிற பிள்ளையை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். கதவுக்குப் பின்னால் போய் நிற்கும். கட்டிலின் காலையோ, அடுக்கிவைத்த வலையையோ பிடித்துக்கொள்ளும். நுனிக்காலில் நிற்கும், கால்களைப் பின்னிக்கொள்ளும், முகம் சிவக்கும், வேர்க்கும். அம்மா என்ன சொல்கிறார்? “பாவம், எவ்வளவு முக்குறான் பாருங்க, வரமாட்டேங்குது.” இல்லை அம்மா. அவன் முக்கவில்லை. வருவதை வெளியே விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறான். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். முக்குகிற பிள்ளை குந்தும், உடம்பை முன்னால் வளைக்கும். அடக்குகிற பிள்ளை விறைத்து நிற்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்துவிட்டால் சிகிச்சையில் பாதி முடிந்தது என்று நான் நினைக்கிறேன். வராத பிள்ளைக்கு விளக்கெண்ணெய் கொடுப்பது புரிகிறது. பயந்துபோய் அடக்குகிற பிள்ளைக்கு விளக்கெண்ணெய் கொடுத்தால் வயிற்றை முறுக்கும், அதோடு அடக்கவும் செய்யும். அந்த வலிக்குப் பிறகு பயம் இரட்டிப்பாகும்.

இப்படி மாதக்கணக்கில் போனால் மலக்குடல் விரிந்துபோகும். விரிந்த குடலுக்கு நிறைந்த உணர்வு தெரியாது. அப்போது புதிதாக ஒன்று நடக்கும். கெட்டியாக அடைத்திருக்கிற மலத்தைச் சுற்றிக்கொண்டு தண்ணீரான மலம் கசியும். பிள்ளையின் ஜட்டி நாளெல்லாம் கறையாகும். ஐந்து வயது, ஆறு வயது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. வீட்டில் இரண்டு விதமாகத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒன்று, பேதி என்று நினைத்துப் பேதியை நிறுத்துகிற மருந்து வாங்கிக் கொடுப்பது. அடைத்ததை இன்னும் அடைப்பது அது. இரண்டாவது, திமிர் என்று நினைத்து அடிப்பது. “இவ்வளவு பெரியவனாகி ஜட்டியில போறியே, வெக்கமா இல்ல?” என்று எல்லோர் முன்னாலும் கேட்பது. அவனுக்கு வெட்கம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. கசிவது தெரிவதில்லை, அவ்வளவுதான். மூக்கு ஒழுகுகிற பிள்ளையை நாம் அடிக்கிறோமா?

இலங்கை ஆய்வில் இன்னொரு விஷயம் இருக்கிறது என்றேனே, அது இதுதான். போர் நடந்த பகுதிகளில் வாழ்ந்த பிள்ளைகளில் 18.1 சதவீதம் பேருக்கு மலச்சிக்கல். மற்றப் பகுதிகளில் 13.7 சதவீதம். வீட்டிலும் பள்ளியிலும் மனம் நொந்த சம்பவங்கள் நடந்த பிள்ளைகளிடமும் இது கூடுதலாக இருந்தது. தட்டில் கீரை இருந்ததா என்பதோடு, வீட்டில் நிம்மதி இருந்ததா என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. அப்பாவும் அம்மாவும் சண்டை போட்ட வாரத்தில், தம்பி பிறந்த மாதத்தில், புதுப் பள்ளியில் சேர்த்த முதல் மாதத்தில் இது ஆரம்பிப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

சரி, என்ன செய்வது? ‘கீரை கொடு, தண்ணி கொடு’ என்று நாங்கள் மருத்துவர்களே எழுந்து போகிற அவசரத்தில் சொல்லி அனுப்புகிறோம். வராமல் தடுப்பதற்கு அது நல்லது. வந்து, முற்றி, பயம் பிடித்த பிறகு அது மட்டும் போதாது. இந்தியக் குழந்தை இரைப்பைக் குடல் மருத்துவச் சங்கம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வரிசை தெளிவாக இருக்கிறது. முதலில் அடைத்திருப்பதை முழுசாக வெளியேற்ற வேண்டும். பிறகு மாதக்கணக்கில் மலத்தை இளக்கமாகவே வைத்திருக்க வேண்டும். உணவும் பழக்கமும் கூடவே நடக்க வேண்டும்.

வெளியேற்றுவதற்கு இப்போது பெரும்பாலும் ஊசியோ எனிமாவோ தேவையில்லை. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பாலிஎத்திலீன் கிளைகால் என்ற பொடி இருக்கிறது. சுருக்கமாகப் ‘பெக்’ என்போம். தண்ணீரில் கரைத்துக் குடிப்பது. உடம்பில் சேராது, குடலுக்குள் தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை ஊறவைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. எடை பார்த்து மருத்துவர் சொல்கிற கூடுதல் அளவில் மூன்று முதல் ஆறு நாள். அந்த நாட்களில் பிள்ளை பலமுறை போகும், துணியிலும் போகும். பள்ளி விடுமுறையாகப் பார்த்து ஆரம்பியுங்கள். அதன்பிறகு குறைந்த அளவில் தினமும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு லாக்டுலோஸ் சிரப்.

எத்தனை நாள்? குறைந்தது இரண்டு மாதம், பலருக்கு ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும். தொந்தரவு முழுக்க நீங்கி ஒரு மாதம் ஆன பிறகுதான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் தப்பு நடக்கிறது. நாலு நாள் நன்றாகப் போனதும் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். “பழக்கமாகிடும்னு சொன்னாங்க” என்பார்கள். யார் சொன்னார்கள் என்று கேட்டால் பக்கத்து வீடு. இந்த மருந்து பழக்கமாவதில்லை. பிள்ளைக்குப் பழக்கமாகியிருப்பது பயம். விரிந்த குடல் சுருங்கவும், பயம் மறக்கவும் மாதங்கள் ஆகும். வலியில்லாமல் போவது ஒவ்வொரு நாளும் நடந்து நடந்துதான் அந்தப் பாடம் அழியும். மூன்று மாதத்துக்கு மேல் சிகிச்சையைத் தள்ளிப்போட்ட பிள்ளைகளுக்குக் குணமாக அதிக காலம் ஆகிறது என்பதும் தெரிந்த விஷயம்.

வயிற்றை எக்ஸ்ரே எடுங்கள், ஸ்கேன் பாருங்கள் என்று கேட்கிறவர்களுக்கு: பேசியும் வயிற்றைத் தொட்டும் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். பூச்சி மருந்து ஒருமுறை கொடுத்தால் சரியாகிவிடும் என்பதும் வேண்டாத நம்பிக்கை. பூச்சி மருந்தைப் பூச்சிக்காகக் கொடுங்கள்.

இப்போது சாப்பாடு. ஒரு பிள்ளையின் வயதோடு ஐந்தைக் கூட்டினால் அது ஒரு நாளைக்குத் தேவையான நார்ச்சத்து, கிராமில். நாலு வயதுக்கு ஒன்பது கிராம். ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 பட்டியல்படி, தீட்டிய பச்சரிசி நூறு கிராமில் மூன்று கிராம்கூட இல்லை. மைதாவும் அப்படியே. கேழ்வரகு நூறு கிராமில் பதினோரு கிராம். கொய்யாவில் எட்டரை, முருங்கைக்கீரையில் எட்டு. மீனில் நார்ச்சத்து அறவே கிடையாது. மீன் பிள்ளைகளுக்கு மிக நல்ல உணவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காலையில் டீயில் தொட்ட பொறை, மதியம் மீன் குழம்பும் வெள்ளைச் சோறும், நாலு மணிக்குப் பத்து ரூபாய்ப் பாக்கெட், ராத்திரி மறுபடியும் சோறு என்று ஓடுகிற நாளில் நாலு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது கிராம் எங்கிருந்து வரும்? கரையோரத்து வீட்டுக்குக் கேழ்வரகுக் கூழ் புதுசில்லை. ஆடி மாசம் கோயிலில் ஊற்றுகிற கூழை வருஷம் முழுக்க வீட்டில் ஊற்றுங்கள். கொய்யாவை விதையோடு கொடுங்கள். ஆறு மாதம் முடிந்து சாப்பாடு ஆரம்பிக்கும்போதே மசித்த காயும் பழமும் சேர்த்துவிடுங்கள். பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்து ஊட்டுவதை ஒரு சாப்பாடு என்று நினைக்காதீர்கள்.

பால் விஷயத்தில் நம் தாய்மார்களோடு எனக்குத் தீராத வழக்கு. சோறு சாப்பிடாவிட்டால் பாலாவது குடிக்கட்டும் என்று நாளைக்கு ஒரு லிட்டர். பால் வயிற்றை நிறைக்கும், பசியைக் கொல்லும், நார் தராது. ஒரு வயதுக்கு மேல் அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள். சில பிள்ளைகளுக்குப் பசும்பாலே ஒத்துக்கொள்ளாமல் மலச்சிக்கல் வரும். இத்தாலியில் பலெர்மோ மருத்துவர்கள் தீராத மலச்சிக்கல் உள்ள 65 குழந்தைகளுக்குப் பசும்பாலை நிறுத்திச் சோயாப் பால் கொடுத்துப் பார்த்தார்கள். 44 பேருக்குச் சரியானது. 1998-ல் வெளிவந்த ஆய்வு. மருந்து சரியாகக் கொடுத்தும் கேட்காத பிள்ளைக்கு, மருத்துவர் சொன்னால் சில வாரம் பாலை நிறுத்திப் பார்க்கலாம். எல்லோரும் நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள்.

அங்கன்வாடியில் வாரம் இரண்டு முறை ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப் தருகிறார்களே, அதைச் சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். கறுப்பைப் பார்த்து மலச்சிக்கல் என்று பயந்து சிரப்பை நிறுத்திவிடுகிறார்கள். அந்த அளவு சிரப்பால் மலம் இறுகாது. தொடர்ந்து கொடுங்கள்.

அடுத்து உட்காரவைப்பது. சாப்பிட்டவுடன் பெரிய குடல் தானே அசையும். அதனால் சாப்பிட்ட அரைமணி நேரத்துக்குள், நாளைக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஐந்து முதல் பத்து நிமிடம். போனாலும் போகாவிட்டாலும் உட்கார்ந்ததற்கே பாராட்டு. குந்தி உட்காருவது மிக நல்ல முறை. குந்தும்போது மலக்குடலின் வளைவு நேராகிறது. புதிய வீடுகளில் மேல்நாட்டு வகைக் கோப்பை வந்துவிட்டது. அதில் பிள்ளையின் கால் அந்தரத்தில் தொங்கும். கால் ஊன்றாமல் யாராலும் முக்க முடியாது. கால் வைக்க ஒரு பலகை போடுங்கள். இரண்டு வயதுக்கு முன் இந்தப் பயிற்சியை ஆரம்பிக்க வேண்டாம். இறுகிய மலத்தோடு இருக்கிற பிள்ளையை உட்காரவைத்துப் பழக்கவே பழக்காதீர்கள். முதலில் இளக்குங்கள், வலி போகட்டும், பிறகு உட்காரட்டும். கையில் செல்போனைக் கொடுத்து அரைமணி நேரம் உட்காரவைப்பது பயிற்சி ஆகாது.

கடைசியாக, பஞ்சாயத்தாரிடமும் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களிடமும் ஒரு கோரிக்கை. பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு மலச்சிக்கல் வருவதற்குப் பெரிய காரணம் பள்ளிக் கழிப்பறை. தண்ணீர் இல்லை, நாற்றம், கதவு சாத்தாது. பெண்பிள்ளைகள் காலையிலிருந்து மாலைவரை தண்ணீரே குடிக்காமல் இருந்து சமாளிக்கிறார்கள். வெயில் காலத்திலும் அப்படித்தான். வகுப்பில் கையைத் தூக்கிக் கேட்டால் “இப்பதான மணி அடிச்சுது, உக்காரு” என்று உட்காரவைக்கிறோம். உடம்பு கேட்கிற நேரத்தில் போகக் கூடாது என்று பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே சொல்லிக்கொடுக்கிறது. நான் எத்தனை பொடி எழுதிக் கொடுத்தாலும் இதை மாற்ற முடியாது. உங்களால் முடியும். இந்தக் கோடை விடுமுறை முடிவதற்குள் நம் பிள்ளைகள் படிக்கிற ஒவ்வொரு பள்ளியிலும், அங்கன்வாடியிலும், கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வருகிறதா, கதவில் உட்பக்கத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். இல்லாவிட்டால் போட்டுக்கொடுங்கள். கையைத் தூக்குகிற பிள்ளையைக் கேள்வி கேட்காமல் அனுப்பச் சொல்லி ஆசிரியர்களிடம் பேசுங்கள்.